"நிஜமான டிரைவர்" வரியை எடுத்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதல் கார் மதிப்புரையைப் படித்தேன். சஸ்பென்ஷன் பற்றிய பகுதி நன்றாக வந்திருக்கிறது. பின்சீட்டின் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து பார்த்ததற்குத் தனியாக ஒரு சபாஷ். அந்தச் சிரமத்தைப் பலர் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கியர்பாக்ஸ் பகுதியில் "நிஜமான டிரைவர் மேனுவல்தான் ஓட்டுவான்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை எடுத்துவிடு. கைத்தட்டல் வாங்கும் வரிதான். அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன்.

நானும் மேனுவல் கட்சிதான். வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, எஞ்சின் சத்தம் ஏறுவதைக் காதில் வாங்கிக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பும் சுகம் எனக்கும் தெரியும். அந்தச் சுகத்தை யாரும் உன்னிடமிருந்து பறிக்கப்போவதில்லை. சிக்கல் எங்கே என்றால், நம் கார்ப் பிரியர்கள் அந்தச் சுகத்தைச் சுகம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, அதற்குக் கணக்கு வேஷம் போடுகிறார்கள். மைலேஜ் கிடைக்கும், பிக்கப் இருக்கும், செலவு வைக்காது, கட்டுப்பாடு நம் கையில் இருக்கும் என்று அடுக்குகிறார்கள். இவற்றில் பாதி காலாவதியான கணக்கு.

ஒருகாலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. மாருதி ஜென் ஆட்டோமேட்டிக்கில் மூன்றே கியர். பிறகு வந்த ஹூண்டாய் ஐ10 ஆட்டோமேட்டிக்கில் நான்கு. எஞ்சினின் விசை கியர்பாக்ஸுக்கு டார்க் கன்வெர்ட்டரில் சுழலும் எண்ணெய் வழியாகத்தான் போய்ச் சேரும். அந்தச் சுழற்சியிலேயே கொஞ்சம் சக்தி சூடாகி வீணாகும். சின்ன எஞ்சினும் குறைந்த கியர்களும் சேர்ந்தால் லாரியை முந்துவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். நம் சித்தப்பாக்களும் மாமாக்களும் "ஆட்டோமேட்டிக் வேண்டாம்டா" என்று சொன்னது அந்த வண்டிகளைப் பார்த்துத்தான்.

2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ வந்தது. அதிலிருந்த ஏ.எம்.டி. கியர்பாக்ஸ் இத்தாலியின் மாக்னெட்டி மரெல்லி தொழில்நுட்பம். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சை மிதிக்கும் காலுக்கும் கியர் போடும் கைக்கும் பதிலாக ஹைட்ராலிக் விசை வேலை செய்கிறது. நிறுவனம் அறிவித்த மைலேஜ் மேனுவலுக்கும் ஏ.எம்.டி.க்கும் ஒன்றே, லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர். மைலேஜ் வாதம் அன்றைக்கே படுத்துவிட்டது. நீ 2014க்கு முந்தைய வாதத்தை இன்றைய வண்டிக்குப் போட்டிருக்கிறாய்.

ஏ.எம்.டி.யைத் திட்ட வேண்டுமானால் திட்டு, காரணம் இருக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது விசை அறுந்து, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டுவார்கள். ஏற்றத்தில் பிரேக்கை விட்டால் சில வண்டிகள் பின்னால் உருளும். சி.வி.டி. வகைக் கியர்பாக்ஸில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் எஞ்சின் முதலில் கத்தும், வண்டி பிறகு கிளம்பும். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் நெடுஞ்சாலையில் அற்புதம். உலர் கிளட்ச் வகையாக இருந்தால் அரை அடி நகர்ந்து அரை நிமிடம் நிற்கும் நெரிசலில் சூடேறும். இதையெல்லாம் பெயர் சொல்லி எழுது. "ஆட்டோமேட்டிக்" என்று ஒரே மூட்டையாகக் கட்டாதே.

இப்போது நீ ஓட்டும் ஊருக்கு வருவோம். டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி பெங்களூரில் பத்துக் கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி. வகுத்துப் பார், மணிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர்கூட வரவில்லை. மூன்றாவது கியருக்கு வேலையே இல்லாத வேகம் அது. மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை மாலை ஏழு மணிக்கு மேனுவல் ஓட்டுபவன் ரசித்துக் கியர் மாற்றுவதில்லை. ஹாஃப் கிளட்சில் ஊர்கிறான். அங்கே இடது காலுக்குக் கிடைப்பது வலி, கிளட்ச் பிளேட்டுக்குக் கிடைப்பது தேய்மானம். ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது கருகல் வாடை வந்தால் ஜன்னலை ஏற்றிக்கொள்கிறோமே, அந்த வாடை யாரோ ஒரு மேனுவல்காரருடையது. "கட்டுப்பாடு என் கையில்" என்று அவரிடம் சொல்லிப் பார்.

இதே ஊரில் நகரப் போக்குவரத்துக் கழகமான பி.எம்.டி.சி. 2006 வாக்கில் வால்வோ நகரப் பேருந்துகளை இறக்கியது. அவை ஆட்டோமேட்டிக். அவ்வளவு நீளமான பேருந்தை மெஜஸ்டிக் நெரிசலில் இரண்டு பெடலோடு திருப்பியவர்களை "நிஜமான டிரைவர் இல்லை" என்று உன்னால் எழுத முடியுமா?

பந்தயத்தைச் சாட்சிக்கு இழுக்கலாம் என்று நினைக்காதே. ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்தே விரலால் கியர் மாற்றும் முறையை ஃபெராரியின் பந்தயக் காருக்கு வடிவமைப்பாளர் ஜான் பர்னார்ட் கொண்டுவந்தார். அது களமிறங்கிய முதல் பந்தயம், 1989 பிரேசில் கிராண்ட் பிரி. ஜெயித்தவர் நைஜல் மான்செல். அடுத்த சில ஆண்டுகளில் ஃபார்முலா 1 முழுக்க அந்த வழிக்குப் போனது. வேகத்துக்காக மேனுவல் வேண்டும் என்ற வாதம் வேகத்தின் தலைமைப் பீடத்திலேயே எடுபடவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் போர்ஷே. 2013-இல் வந்த 911 ஜி.டி.3க்கு மேனுவலே இல்லை. இரட்டைக் கிளட்ச் மட்டும்தான், அதுதான் வேகம் என்றார்கள். பிரியர்கள் முணுமுணுத்தார்கள். 2017-இல் மேனுவல் திரும்பி வந்தது. மெதுவானது என்று தெரிந்தே கேட்டு வாங்கினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஹூண்டாய் ஐயானிக் 5 என் இன்னும் ஒரு படி மேலே: கியரே தேவையில்லாத மின்சார வண்டியில், எட்டு கியர் மாறுவதுபோன்ற குலுக்கலை மென்பொருளால் உண்டாக்கியிருக்கிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் வேலை போன பின்னும் சுகத்துக்கு ஆள் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மேனுவலிடம் ஆட்டோமேட்டிக் ஓட்டுநர் கற்க வேண்டிய ஒரு பாடம் உண்டு. அதை நீ எழுதவே இல்லை. நம்மூர்க் கூட்டம் ஊட்டிக்குப் போகும் வழி, பந்திப்பூர், மசினகுடி தாண்டிக் கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள், கடும் சரிவு. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விபத்துகள் நடந்து நடந்து, வெளியூர் வண்டிகள் அந்தப் பக்கம் இறங்கத் தடை போட்டுவிட்டார்கள். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது மேனுவல்காரர்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கப்படுவது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வாங்கியவரோ மலை இறக்கத்திலும் "டி"யிலேயே விட்டுவிட்டு, பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடாக்குகிறார். பக்கத்தில் "எல்" இருப்பதோ, லீவரைத் தள்ளினால் கியரைப் பிடித்து வைக்கலாம் என்பதோ பலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஷோரூமில் சன்ரூஃப் திறப்பதைத்தான் காட்டுகிறார்கள். மேனுவலையே தெரியாத ஒரு தலைமுறை வருகிறது. இந்தப் பாடத்தை அவர்களுக்குச் சொல்வது உன் போன்றவர்களின் வேலை.

வருகிறது என்ன, வந்துவிட்டது. கிளட்ச் இல்லாத ரேவா மின்சாரக் கார் இதே பெங்களூரில் 2001-இலேயே ஓடத் தொடங்கியது. பக்கத்துப் பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் ஆட்டோ பார்ட்ஸ் 2004 முதல் மேனுவல் கியர்பாக்ஸ் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பி வந்தது; இப்போது அங்கேயே ஹைபிரிட் வண்டிகளுக்கான மின் இயக்கிகளும் தயாராகின்றன.

இன்னொரு வரியும் உறுத்துகிறது. "பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் ஆட்டோமேட்டிக் ஏற்றது" என்கிறாய். முட்டி எல்லோருக்கும் இரண்டுதான். "தினமும் நெரிசலில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவர்களுக்கு" என்று மாற்றிவிடு. அதே மாதிரி, மாதம் ஒருமுறை சக்லேஷ்புரா பக்கம் போய் ஓட்டுவதற்காகவே ஓட்டுபவருக்கு மேனுவலைச் சொல். ஏ.எம்.டி.க்குக் கூடுதலாகக் கேட்கும் ஐம்பதாயிரம் ரூபாய் வாக்கிலான தொகை அவருக்கு நல்ல டயருக்கு ஆகும்.

மதிப்புரையைத் திருத்தும் முன் வண்டியை இன்னொரு முறை வாங்கிக்கொள். ஒரு மாலை அவுட்டர் ரிங் ரோடு, ஒரு விடிகாலை நந்தி மலை, அவ்வளவு போதும். மலையில் ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, எவ்வளவு தூரம் பின்னால் உருள்கிறது என்று பார். பின்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துச் செய். இறங்கும்போது இரண்டாவது கியரில் பிடித்து வைத்தால் நிற்கிறதா, தானாக மூன்றுக்குத் தாவுகிறதா என்று குறித்துக்கொள். நெரிசலில் மெதுவாக நகரும்போது ஒவ்வொரு முறையும் வெட்டுகிறதா என்பதைப் பின்சீட்டில் இருப்பவரிடம் கேள். அதற்கப்புறமும் மேனுவல்தான் பிடித்திருக்கிறது என்றால், "எனக்குப் பிடித்திருக்கிறது" என்றே எழுதி அனுப்பு. அந்த வரியில் நான் கை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் அண்ணன்