செட்டில்மென்ட் வாங்கிய பிறகு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஆலை மூடுவது புதுச் செய்தியில்லை. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை நின்றது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு மூடுவதாக அறிவித்து, மறு வருஷம் மறைமலை நகரில் கடைசிக் காரை இறக்கியது. இவ்வளவையும் கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போய்வந்தாலும், நம் கேட்டுக்குப் பூட்டு வராது என்றுதான் ஒவ்வொருவருக்கும் நினைப்பு. நான் இருந்தது இவற்றைவிட ரொம்பச் சின்ன இடம். கார் உதிரிபாகம் செய்கிற ஆலை. டிப்ளமோ டிரெய்னியாகச் சேர்ந்து மெயின்டெனன்ஸ் டெபுடி மேனேஜர் வரை வந்திருந்தேன். ஆர்டர் குறைந்தது, மூன்று ஷிப்ட் ஒன்றானது, ஒருநாள் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது.

தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. உட்கார்ந்து பேசி ஒரு தொகையை வாங்கினார்கள். ஸ்டாஃப் கதை வேறு. எங்களுக்குப் பொருந்திய 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில், ஆட்குறைப்பு செய்தால் சேவை செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் உண்டு. ஆனால் அது தொழிலாளிக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். அவனுக்கு நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அந்தக் கடிதத்தை சேர்ந்த அன்றைக்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் எடுத்துப் படித்திருப்போம்? கிராஜுவிட்டி மட்டும் ஐந்து ஆண்டு முடித்த இரு தரப்புக்கும் பொது. கடைசியாக வாங்கிய சம்பளத்தை (எங்கள் காலத்தில் அது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சேவை ஆண்டால் பெருக்குங்கள். கடைசி ஆண்டில் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதுவும் முழு ஆண்டு. இந்தக் கணக்கை நீங்களே போட்டுக் கையில் வைத்துக்கொண்டு எச்.ஆர். அறைக்குள் போவது நல்லது.

அதைவிட அவசரமானது இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பி.எஃப். கணக்கில் இனிஷியல் முன்னால் என்று மூன்று ஆளாக இருப்போம். கம்பெனி நடக்கிறவரை இது ஒரு தொந்தரவும் தராது. மூடிய பிறகு திருத்தப் போனால், கூட்டு உறுதிமொழியில் முதலாளி தரப்புக் கையெழுத்து கேட்கக்கூடும். கையெழுத்துப் போட வேண்டியவரும் நம்மைப் போலவே எங்கோ வேலை தேடிக்கொண்டிருப்பார். அதனால் எச்.ஆர். மேஜை காலியாவதற்குள் பெயர், பிறந்த தேதி, வெளியேறிய தேதி எல்லாவற்றையும் சரி பார்த்துவிடுங்கள். ரிலீவிங் லெட்டர், சர்வீஸ் சான்றிதழ், கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ்கள் அத்தனையையும் வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தில் கை வைக்காமல் சமாளிக்க முடிந்தால் சமாளியுங்கள். பத்து ஆண்டு சேவை நிறையாதவர்கள் பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்தால், அதுவரை ஓடிய சேவைக் கணக்கு அழிந்துபோகும்.

செட்டில்மென்ட் வரப்போகிறது என்பது நமக்குத் தெரியும் முன்பே மனை விற்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நோட்டீஸோடு நின்றார்கள். மாதச் சீட்டு, ஏஜென்சி, 'பங்குதாரராக வாங்க சார்' என்று பழைய பழக்கங்கள் எல்லாம் திடீரென்று உயிர் பெற்றன. வீட்டில் பெரியவர்கள் வீட்டுக்கடனை மொத்தமாக அடைத்துவிடச் சொன்னார்கள். நான் மறுத்தேன். கடன் அடைந்தால் மனசு லேசாகும், சரிதான். ஆனால் அடுத்த மாத மளிகைக்குப் பாங்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தராது. தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் பட்டியலில் ஏறும். அதற்கு முன்பே போய் மேலாளரிடம் நிலைமையைச் சொன்னால் தவணையை மாற்றிக் கேட்க இடமுண்டு. வரவு செலவு போடும்போது இன்னொன்றையும் சேருங்கள்: கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, அம்மா அப்பாவுக்கும் சேர்த்து ஓடிய மருத்துவக் காப்பீடு. சம்பளச் சீட்டில் இவற்றின் முழு விலை தெரியாது. காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குழுக் காப்பீடு முடிவதற்குள் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறக் கேட்டால், ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது.

நோட்டீஸ் ஒட்டிய அன்று இரவே வீட்டில் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்களுக்கு அவசரமில்லை.

வேலை தேடியதைச் சொல்கிறேன். ஆலை மூடினால், பக்கத்து மேஜை நண்பர்கள் அன்றைக்கே போட்டியாளர்கள் ஆகிவிடுகிறார்கள். யாருடைய குற்றமும் இல்லை. ஒரே அனுபவம், ஒரே ஊர், ஒரே கன்சல்டன்சி. எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே காலியிடம் பல கை மாறி என்னிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது. எனக்கு உதவியவர்கள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்: ஹைட்ராலிக் சீல் கொண்டுவந்து கொடுத்தவர், கம்ப்ரஸர் சர்வீஸ்காரர், மோட்டார் காயில் கட்டுபவர். பல கம்பெனிக்குள் போய்வருகிறவர்கள். எங்கே புது மெஷின் இறங்கியிருக்கிறது, எங்கே ஆள் நின்றுவிட்டான் என்பதெல்லாம் கன்சல்டன்சிக்கு முன்னால் இவர்களுக்குத் தெரியும். (பில் பாஸ் பண்ண மாதக்கணக்கில் இழுத்தடித்த மேனேஜர்களின் போனை இவர்கள் எடுக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.)

காயில் கட்டுபவர்தான் ஒருநாள் கூப்பிட்டார். "சார், அம்பத்தூர் எஸ்டேட்ல நமக்குத் தெரிஞ்ச கம்பெனி. மெஷின் நின்னுடுச்சு. சர்வீஸ் ஆள் வர நாளாகுமாம். சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வர்றீங்களா?"

போனேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வி.எம்.சி. என்கிற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின், ஃபானுக் கன்ட்ரோல். எந்த அச்சுக்கும் தன் இடம் தெரியவில்லை என்று திரையில் அலாரம். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. பேட்டரி குறைகிறது என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. ஆபரேட்டர் பொறுப்பாக, ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டுப் புது பேட்டரி போட்டிருக்கிறார். அந்த பேட்டரியின் வேலையே மின்சாரம் இல்லாதபோது, அச்சின் இடத்தைக் குறித்துவைக்கும் என்கோடரின் நினைவைக் காப்பாற்றுவதுதான். மெஷினுக்கு மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். ஒவ்வொரு அச்சாக மெல்ல நகர்த்தி, குறியோடு சேர்த்து, 1815ஆம் பாராமீட்டரில் மறுபடி இடத்தைப் பதிய வைத்தேன். டூல் மாற்றும் இடம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்து வெறும் ஓட்டம் ஒன்று ஓட்டினேன். பிறகு பாராமீட்டர்கள் முழுவதையும் மெமரி கார்டில் ஏற்றி ஓனர் கையில் கொடுத்தேன். அப்படி ஒரு நகல் அதுவரை அந்தக் கம்பெனியில் இல்லை.

"என்ன தரணும் தம்பி?" என்றார் ஓனர். எனக்கு ரேட் தெரியாது. மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு மணி நேரத்தின் விலை எப்படித் தெரியும்?

எங்கள் ஆலையில் பேட்டரி மாற்றுவது ஆண்டுப் பராமரிப்புப் பட்டியலில் ஒரு வரி. இங்கே அந்த ஒரு வரி இல்லாமல் ஒரு பட்டறையே நின்றிருந்தது. அன்று வீட்டுக்குப் போய் பயோடேட்டாவை மாற்றி எழுதினேன். பதவிப் பெயர் அந்தந்த கேட்டுக்கு உள்ளே மட்டும் செல்லும் டோக்கன் மாதிரி. வெளியே அதை வைத்து ஒரு டீகூடக் குடிக்க முடியாது. அதனால் 'டெபுடி மேனேஜர்' கீழே இறங்கியது. எந்தெந்தக் கன்ட்ரோல், எந்தெந்த டிரைவ் கை பழகியது, என்னென்ன கோளாறு எடுத்திருக்கிறேன் என்பதெல்லாம் மேலே ஏறியது. மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யில் புதிதாக வந்ததைக் கற்றுக்கொள்ள கிண்டியில் ஒரு குறுகிய காலப் பயிற்சியில் சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பையன்கள் 'அங்கிள்' என்றார்கள். பரவாயில்லை, சந்தேகம் கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள்.

சின்னப் பட்டறைகளுக்கு வருஷ ஒப்பந்தம் போட ஆரம்பித்தேன்: பேட்டரி, பேனல் ஃபேன், ஃபில்டர், பாராமீட்டர் நகல், லூப்ரிகேஷன். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். இதற்குக் காசு கேட்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. மெஷினை ஓட வைப்பதைவிடக் கஷ்டம் வசூல். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் 'அடுத்த வாரம் வாங்க தம்பி' என்பவரிடம் சட்டம் பேசினால், அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார். அதனால் விசிட் சார்ஜ் அன்றன்றே, ஒப்பந்தப் பணத்தில் பாதி முன்கூட்டியே என்று வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ஓசூரிலிருந்து நிரந்தர வேலைக்கு அழைப்பு வந்தது. பழைய சம்பளத்தில் முக்கால். பஸ், கேன்டீன் கணக்கோடு அங்கே ஒரு வீட்டு வாடகையையும் சேர்த்துப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன், அந்தச் சம்பளத்தில் பாதி போதும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள், பஸ் டிக்கெட்டும் நாங்களே போடுகிறோம் என்று சேர்த்துச் சொன்னார்கள்.