ஆப்டிமைஸ் அழுத்தும் முன்

அன்புள்ள மக்ளே,

நீ அனுப்பிய வில்லை வடிவமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 100 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தூரம், பிகே7-ஐயும் எஃப்2-ஐயும் ஒட்டிய இரட்டை வில்லை. ராத்திரி முழுக்க ஓடவிட்டும் மெரிட் ஃபங்ஷன், அதாவது மொத்தப் பிழையின் எண், ஓரிடத்துக்குக் கீழே இறங்க மறுக்கிறது, லேப்டாப் பழசு என்பதாலா என்று கேட்டிருக்கிறாய். லேப்டாப் மேல் பழி போடாதே. புதிதாக இருந்திருந்தால் இதே இடத்துக்குச் சீக்கிரமாக வந்து நின்றிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு காகிதம் எடு. பிகே7-இன் அபே எண் (நிறங்களைப் பிரிப்பது எவ்வளவு குறைவு என்று சொல்வது) 64.2, எஃப்2-க்கு 36.4. வித்தியாசம் 27.8. சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவிய வேண்டுமென்றால் இந்த இரு கண்ணாடிகளும் திறனைப் பங்கிட ஒரே வழிதான் உண்டு. கிரவுனான பிகே7-க்கு 64.2-ஐ 27.8-ஆல் வகுத்தால் வருகிற 2.31 மடங்கு; ஃபிளின்ட்டான எஃப்2-க்கு எதிர்த்திசையில் 1.31 மடங்கு. குவியத் தூரமாகச் சொன்னால் 433 மி.மீ., −764 மி.மீ. ராத்திரி முழுக்கத் தேடி உன் மென்பொருள் வந்து சேர்ந்த இடமும் கிட்டத்தட்ட இதுதான். நாலு வரிக் கணக்கு.

இனி உன் மெரிட் ஃபங்ஷன் முட்டி நிற்கும் அந்தச் சுவர். சிவப்பையும் நீலத்தையும் சேர்த்துவிட்டாய், சரி. நடுவிலுள்ள பச்சை அவற்றோடு சேராது. சாதாரணக் கண்ணாடி இரண்டை வைத்துச் செய்தால் குவியத் தூரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு முன்னாலேயே குவிந்துவிடும். உன் வில்லைக்கு அது அரை மி.மீ. எஃப்/10-இல் குவிய ஆழம் எவ்வளவு? அலைநீளத்தின் இரு மடங்கைப் பத்தின் வர்க்கமான நூறால் பெருக்கு: இரு பக்கமும் 0.11 மி.மீ. அரை எங்கே, 0.11 எங்கே! வளைவை எவ்வளவு திருகினாலும் இது தீராது, கோளாறு கண்ணாடியின் இயல்பிலேயே இருக்கிறது. ஃபுளோரைடு கலந்த விலை உயர்ந்த கண்ணாடிக்கு மாறலாம். குழாயை நீளமாக்கி எஃப்/15-க்குப் போகலாம், பழைய வானியலாளர்கள் அதைத்தான் செய்தார்கள். இல்லையென்றால் நட்சத்திரத்தைச் சுற்றித் தெரியும் ஊதாச் சாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றில் எது என்பது நீ எடுக்க வேண்டிய முடிவு.

இந்த மென்பொருள்கள் குட்டிச்சாத்தான் மாதிரி. சொன்னதைச் சொன்னபடி செய்யும், சொல்லாததைப் பற்றி அதற்குக் கவலையில்லை. புள்ளியைச் சின்னதாக்கு என்று மட்டும் சொன்னால், விளிம்பில் தடிமன் பூஜ்யத்துக்குக் கீழே போன வில்லையைக் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டு கண்ணாடிகளை ஒன்றுக்குள் ஒன்று புகுத்தும். எந்தப் பட்டியலிலும் இல்லாத கண்ணாடியைக் கேட்கும். எதில் திருத்தம் நடக்கப்போகிறது, எத்தனை மாறிகள் கையில் உள்ளன என்று முதலில் எண்ணிக்கொள். 1893-இல் டென்னிஸ் டெய்லர் வடிவமைத்த குக் டிரிப்ளெட்டில் ஆறு வளைவுகள், இரண்டு இடைவெளிகள். அந்த எட்டையும் வைத்துக் குவியத் தூரத்தையும் ஏழு அடிப்படைப் பிறழ்ச்சிகளையும் கட்டுப்படுத்தலாம். கணினி இல்லாத காலம்.

கதிர்கள் எல்லாம் ஒழுங்காகக் குவிந்தாலும் கருவி தோற்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பிய ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முக்கியக் கருவி, பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய விஇஎல்சி. சூரியனின் கொரோனாவை 1.05 சூரிய ஆரத்திலிருந்தே பார்க்கும்படி அமைத்தார்கள். சூரிய ஆரம் வானத்தில் 16 ஆர்க்நிமிடம் என்றால், விளிம்பிலிருந்து வெறும் 48 ஆர்க்வினாடி தள்ளி. அங்கே கொரோனாவின் ஒளி சூரிய வட்டத்தின் ஒளியில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வட்டத்தின் ஒளி இரண்டாவது ஆடியின் நடுத்துளை வழியாக வெளியேற்றப்படும். ஆனால் முதல் ஆடி முழு வெயிலிலும் நிற்கிறது! அதன் பரப்பில் அணு அளவு மேடுபள்ளமும், ஒட்டிய தூசியும் சிதறடிக்கும் ஒளியே கொரோனாவை மூழ்கடித்துவிடும். வரிசைமுறைக் கதிர்த்தடத்தில் இது தெரியவே தெரியாது. ஸ்பாட் டயகிராம் அழகாகத்தான் இருக்கும். வரிசையற்ற முறையான நான்-சீக்வென்ஷியலுக்குப் போய், அளந்தெடுத்த சிதறலை நீயே உள்ளிட்டால்தான் தெரியும். மெருகேற்றுபவரின் கையும் தூசியற்ற அறையும் வடிவமைப்பின் பாகம் ஆவது இங்கேதான்.

உரிமத்துக்குப் பணமில்லை என்று வருந்தியிருந்தாய். பள்ளிக்கூடத்திலேயே லினக்ஸில் பழகிய கேரளத்துப் பிள்ளை நீ. பைத்தானில் ரே-ஆப்டிக்ஸும் ஆப்டிலேண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் இரண்டு வருஷத்துக்கு அதுவே தாராளம் என்பது என் எண்ணம். பிற்பாடு வலியமலையோ காரியவட்டமோ, எங்கே மேற்படிப்புக்குச் சேர்ந்தாலும் பெரிய மென்பொருளின் மெனுவைப் படிக்க அதிக நாள் ஆகாது.

இப்போதைக்கு ஒரு வேலை. உடைந்த பழைய பைனாகுலர் ஒன்றைத் தேடிப் பிடித்து அதன் முன்வில்லையைக் கழற்று. நெய்யாற்றின்கரையில் ஏதாவது மூக்குக்கண்ணாடிக் கடையில், வளைவை அளக்க மூன்று ஊசி உள்ள, கைக்கடிகாரம் மாதிரியான லென்ஸ் கிளாக் இருக்கும். கடைக்கார அண்ணாச்சியிடம் பணிவாகக் கேட்டு வாங்கு. அது காட்டும் டயாப்டர் எண் 1.53 ஒளிவிலகல் எண்ணுக்கானது. ஆகவே 530-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஆரம் மி.மீட்டரில் வரும், 4 காட்டினால் 132.5. கரடான அளவுதான், பரவாயில்லை. தடிமனை வெர்னியரில் எடு, கண்ணாடி வகையை ஊகி, மாதிரியைக் கட்டு. பிறகு வெயிலில் குவியத் தூரத்தை அளந்து (வில்லை வழியாகச் சூரியனைப் பார்த்துவிடாதே) மாதிரி சொல்வதோடு ஒப்பிடு. எவ்வளவு விலகுகிறது, எந்த அளவு தவறினால் அவ்வளவு விலகும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார். டாலரன்ஸ் என்றால் என்னவென்று அப்போது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

உன் இரட்டை வில்லையை நிஜமாகவே செய்ய நினைத்தால், வில்லை அரைக்கும் பட்டறையில் முதலில் வளைவைச் சரிபார்க்கும் டெஸ்ட் பிளேட்களின் பட்டியலைக் கேள். அவர்களிடம் ஏற்கெனவே உள்ள ஆரங்களுக்கு உன் வளைவுகளை மாற்றிக்கொண்டால் புது பிளேட் செலவு மிச்சம். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றாதே. மிக நெருங்கி வருகிற ஓர் ஆரத்தைப் பூட்டு, மீதியை மறுபடி ஓடவிடு, அடுத்ததைப் பூட்டு. கடைசி ஆரத்தையும் பூட்டிய பிறகு விட்ட இடத்தைப் பிடிக்க உன் கையில் தடிமன்கள் மட்டுமே மிஞ்சும். அந்தக் கோப்பை எனக்கு அனுப்பு, டாலரன்ஸ் தாளோடு.