விலாசம் சரியாக இருந்தால் உறவு தேடி வரும்



நம்ம முன்னோர் பலர் கப்பலை விட்டு இறங்கிய இடம் மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளை வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. அந்த நடையை நினைத்து, 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023 யூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12இல் மாத்தளை சேர்ந்தார்கள்.

வந்த வழியே திரும்பிப் போனவர்களும் உண்டு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறிய பல குடும்பங்களுக்கு இங்குள்ள சொந்தத்தோடு தொடர்பு அறுந்து போச்சு. போனவர்கள் சொந்த ஊர் போகாமல் நீலகிரித் தோட்டங்களிலும் குடியேறினார்கள். இங்கேயோ, தோட்டத்தின் பெயர் மட்டுமே விலாசம். ஒரே தோட்டத்தில் நாலு மாரியாயி இருந்தால் கடிதம் யாருக்கு?

இன்றும் பல தோட்டங்களில் கடிதம் லயத்துக்கு வராமல் ஆபீசுக்குத்தான் வருகிறது. பரீட்சைக் கடிதமோ வேலைக்கான நேர்முகக் கடிதமோ பிந்தினால் பிள்ளையின் வாழ்க்கையே பிந்திவிடும். ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர், லய நம்பர், காம்பரா நம்பர், டிவிசன், தோட்டம், தபாற்கந்தோர், தபால் குறியீடு என்ற வரிசையில் எழுதுங்க.

2. இரண்டு டெலிபோன் நம்பர் கொடுங்க. ஒன்று உங்களுடையது, மற்றது அயலவருடையது. அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்க. வெளிநாட்டில் இருந்து எடுப்பவர்கள் முதல் 0ஐ விட்டு, முன்னால் +94 போட வேண்டும்.

3. லயம் மாறினால், நம்பர் மாறினால் ஆபீசுக்கும் கிராம சேவகருக்கும் சொந்தக்காரருக்கும் உடனே சொல்லுங்க.

4. யாராவது பழைய பெயரைச் சொல்லித் தேடி வந்தால், "தெரியாது" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடாதீங்க. தகப்பன் பெயர், கங்காணி பெயர், போன வருஷம் கேட்டு, வயசான ஒருவரிடம் கூட்டிப் போங்க.

ஒரு எச்சரிக்கை: விலாசம் கேட்பவர் பேங்க் இரகசிய நம்பர் கேட்டால் கொடுக்கவே கூடாது.

இன்று இரவே பிள்ளையிடம் சொல்லி விலாசத்தை ஒரு அட்டையில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டி வைப்போம்.