செய்தவர் எங்கே? பசிவ் வொய்ஸ் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் வந்தால், செட்டிபாளையம் தாண்டி, களுதாவளைக்கு முன்னால் தேற்றாத்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி. பின்னேரம் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியைத் திறந்தால் ஏதாவதொரு பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகள் குறுக்கே ஓடும். முன்னால் நிற்பதைப் பின்னால் கொண்டுபோ, பின்னால் நிற்பதை முன்னால் கொண்டுவா, நடுவில் 'வாஸ்' போடு, கடைசியில் 'பை' போடு. ஓ.எல். எழுதப் போகும் பிள்ளை நித்திரையிலும் இதைச் செய்யும். எதற்காகச் செய்கிறோம் என்று மட்டும் கொப்பியில் இராது. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்று கணக்கிடுகிறது. அவ்வளவு நீண்ட பாடசாலை மரபு உள்ள மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விடை இருக்க வேண்டும். விடை கிடைக்காததற்குச் சில நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன.

முதல் நம்பிக்கை: எந்த அக்டிவ் (செய்வினை) வாக்கியத்தையும் பசிவாக (செயப்பாட்டுவினையாக) மாற்றலாம். முடியாது. 'த ஃபிஷர்மன் பாட் எ நெட்' என்பது 'எ நெட் வாஸ் பாட் பை த ஃபிஷர்மன்' ஆகும். ஆனால் 'ஹி ஹாஸ் எ போட்' என்பதை 'எ போட் இஸ் ஹாட் பை ஹிம்' என்று ஆங்கிலம் பேசும் எவரும் சொல்லமாட்டார். 'காஸ்ட்', 'ரிசெம்பிள்', 'லாக்' போன்ற வினைகளும் அப்படித்தான்: பின்னால் ஒரு பெயர்ச்சொல் நிற்கும், பசிவுக்கு மட்டும் வராது. அந்தப் பெயருக்கு எதுவும் நிகழவில்லை என்பதே காரணம். வலையின் விலை பத்தாயிரம் ரூபாய் என்றால், அந்தப் பத்தாயிரத்தை வலை எதுவும் செய்துவிடவில்லை. செயப்படுபொருள் இல்லாத வினைக்குப் பசிவ் இல்லை என்ற விதியும் முழு உண்மை அல்ல. ஒருவர் படுத்து எழும்பிய பாயைப் பார்த்து, 'திஸ் மாட் ஹாஸ் பீன் ஸ்லெப்ட் ஆன்' என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம். பாய்க்கு ஏதோ நடந்திருக்கிறது அல்லவா?

'வாஸ்' வந்தாலே பசிவ் என்பது இன்னொன்று. 'ஹி வாஸ் ஃபிஷிங்' அக்டிவ்தான். வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து வர வேண்டும். காலத்தைக் காட்டுவது 'பீ' குடும்பத்து வினையின் வேலை.

'பை' இல்லாவிட்டால் விடை முழுமையாகாது என்ற நம்பிக்கைதான் பிள்ளைகளை அதிகம் கெடுக்கிறது. ராண்டொல்ஃப் குவெர்க்கும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல், பசிவ் வாக்கியங்களில் ஐந்துக்கு ஏறத்தாழ நான்கில் செய்தவர் பெயரே வருவதில்லை என்கிறது. இதற்கு ஆய்வு கூடத் தேவையில்லை. இந்த ஊர்ப் பிள்ளை ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியங்களில் ஒன்று 'ஐ வாஸ் போர்ன் இன் தேற்றாத்தீவு'. அது பசிவ். அதில் 'பை' இல்லை. அதை அக்டிவாக மாற்று என்று யாரும் கேட்பதுமில்லை. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்தும் சொல்லத் தேவையில்லாதபோதும் பசிவ் வருகிறது. அந்த இடத்தில் 'பை சம்வன்' என்று ஒட்டவைத்தால், எதற்காக அந்த வாக்கியம் பிறந்ததோ அதுவே அழிந்துபோகும்.

மாற்றினால் பொருள் மாறாது என்று அநேகமாக எல்லோரும் நம்புகிறார்கள். மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1957இல் வெளியிட்ட சிறு நூலில் இதற்கு எடுத்த உதாரணத்தை நம்மூர் அலுவலகம் ஒன்றுக்குள் வைத்துப் பார்க்கலாம். அங்கே எல்லோருக்கும் குறைந்தது இரண்டு மொழிகள் தெரியும் என்று அக்டிவில் சொன்னால், ஒருவருக்குத் தமிழும் சிங்களமும், அடுத்தவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்திருந்தாலும் போதும். அதையே பசிவில், குறைந்தது இரண்டு மொழிகள் எல்லோராலும் அறியப்பட்டவை என்று திருப்பினால், அந்த இரண்டும் எல்லோருக்கும் பொதுவானவை என்ற எண்ணம் முந்திக்கொண்டு வருகிறது. சொற்கள் அவைதான். யாரைப் பற்றிய பேச்சு என்பது மாறிவிட்டது.

தமிழுக்கு இது அந்நியம், ஆங்கிலம் படித்தவர்கள் கொண்டுவந்த 'படு' என்றும் சொல்வார்கள். வள்ளுவர் 50ஆம் குறளை 'வைக்கப்படும்' என்ற வினையில்தான் முடிக்கிறார். மெழுகப்பட்ட திண்ணையைத் திண்ணையே மெழுகியதுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியர் மரபென்று ஏற்றிருக்கிறார். வீட்டுப் பேச்சில் 'படு' அரிது என்பது உண்மை. அந்த வேலையை நாம் வேறு வழியில் செய்கிறோம். "ரோட்டுப் போட்டாச்சு" என்கிறோம், "கரண்டை வெட்டிட்டாங்க" என்கிறோம். யார் போட்டது, யார் வெட்டியது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆங்கிலத்தில் இவை 'த ரோட் ஹாஸ் பீன் லெய்ட்', 'த பவர் ஹாஸ் பீன் கட்' என்றுதான் இயல்பாக வரும். வகுப்பு தொடங்க வேண்டிய இடம் இது. ஓர் அக்டிவ் வாக்கியத்தைக் கொடுத்துத் திருப்பச் சொல்லாமல், பிள்ளை வீட்டில் சொல்லும் "ஆச்சு" வாக்கியங்களைக் கொடுத்து ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பசிவ் எதற்கு என்ற கேள்வியே எழாது.

இனி, பசிவ் கெட்ட ஆங்கிலம், கோழைகளின் நடை என்ற தீர்ப்பு. எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில், அக்டிவ் போட முடிகிற இடத்தில் பசிவ் போடாதே என்று விதித்தார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு பசிவ் இருக்கிறது. 1959இல் ஸ்ட்ரங்க், வைற் இருவர் பெயரில் வந்து அமெரிக்க மாணவர் கைகளில் தவழ்ந்த நடைக் கையேடு, திருத்த வேண்டியவை என்று நான்கு வாக்கியங்களைக் காட்டியது. அவற்றில் மூன்று பசிவே அல்ல என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் எடுத்துக் காட்டினார். எதைத் தவிர்க்கச் சொல்கிறோம் என்றே தெரியாமல் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செய்தவரை ஒளிக்கப் பசிவ் உதவும் என்பது பொய்யல்ல. "தவறு இழைக்கப்பட்டுள்ளது" என்று கடிதம் எழுதும் அலுவலகங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் ஒளிப்பதற்குப் பசிவைவிடக் கொடிய வழி ஒன்று இருக்கிறது. தோணியைக் கவிழ்த்தார்கள், தோணி கவிழ்க்கப்பட்டது, தோணி கவிழ்ந்தது என்ற மூன்றையும் அடுக்கிப் பாருங்கள். இரண்டாவதில் ஆளின் பெயர் இல்லை, ஆனால் ஓர் ஆள் இருந்தது தெரிகிறது. "யாரால்?" என்று கேட்க இடமிருக்கிறது. மூன்றாவதில் அந்தக் கேள்வியே அடிபட்டுப் போகிறது. காற்றுக்குக் கவிழ்ந்திருக்கும் என்று போய்விடலாம்.

இந்த வேறுபாட்டை இலங்கையில் இலக்கண வகுப்புக்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். 1990 செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. இப்படிப்பட்டவர்களைத் தேடுவதற்கென 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் 'காணாமற்போன' என்ற சொல் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் படங்களை ஏந்தி வீதியில் இருக்கும் தாய்மார் 'வலிந்து காணாமலாக்கப்பட்டோர்' என்கிறார்கள். சந்தையில் தொலைந்த குழந்தையும் காணாமற்போனதுதான். ஆக்கப்பட்டவர் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த 'பட்ட' என்ற ஒட்டை அவர்கள் விடாமல் பிடித்திருப்பது, அவர்களுடைய கேள்வி முழுவதும் அதற்குள் இருப்பதால். பசிவ் கோழைகளின் நடை என்பவர்கள் இவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

ஆங்கிலத்துக்கும் இதே நெருக்கடி வந்தது. 'டிஸப்பியர்' செயப்படுபொருள் ஏற்காத வினை, பசிவாகாது என்றுதான் பயிற்சிப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் 1976 தொடக்கம் 1983 வரை ஆர்ஜென்டினாவை ஆண்ட இராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானோரைக் கடத்திய பிறகு, 'வேர் டிஸப்பியர்ட்' என்று எழுதுவது ஆங்கிலத்தில் பரவியது. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி அந்தப் பொருளையும் பதிந்திருக்கிறது. ஆகவே மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிள்ளை தன் கொப்பியில் 'மை அங்கிள் வாஸ் டிஸப்பியர்ட் இன் 1990' என்று எழுதினால், அதன் கீழ் ரீச்சர் சிவப்புக் கோடு போடக் கூடாது. அந்த வாக்கியம் சரியானது.