எவரெஸ்டுக்கு வழி

உயர்ந்த மலையொன்றை அடிவாரத்தினின்று நோக்குபவன் அதன் முடியையே முதலில் காண்கிறான்; அம்முடிக்குச் செல்லும் வழி அவன் கண்ணுக்கு எளிதில் புலனாவதில்லை. உலகின் மிக உயர்ந்த கொடுமுடியாகிய எவரெஸ்டின் உச்சியில் மனிதன் கால் வைத்தது 1953-ஆம் ஆண்டில். அவன் சென்ற வழியின் ஒரு பகுதி மலையேறிகளின் பார்வையில் பட்டதோ 1921-ஆம் ஆண்டிலேயே! இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. அரிய உயிர்கள் பலவும் மாய்ந்தன.

எவரெஸ்டுக்கு வடக்கே திபெத்தும் தெற்கே நேபாளமும் உள்ளன. அக்காலத்தில் நேபாளம் அயல்நாட்டாருக்குத் தன் கதவை அடைத்திருந்தது. திபெத்தின் தலைவரான தலாய் லாமா இசைவு அளித்தார். ஆதலின், 1921-இல் புறப்பட்ட ஆங்கிலக் குழுவினர் வடபுறத்தையே நாட வேண்டியதாயிற்று. டார்ஜிலிங்கிலிருந்து சிக்கிம் வழியாகத் திபெத்தின் குளிர்ந்த மேட்டுநிலத்தில் அவர்கள் பல வாரங்கள் நடந்தனர். மலையை அடையுமுன்னரே, குழுவைச் சேர்ந்த அறிஞர் கெல்லாசு வழியில் உயிர் நீத்தார்.

மலோரி, புல்லக் என்ற இருவரும் ரோங்பக் என்னும் பனியாற்றின்மீது நடந்து வழி தேடினர். மலையின் வடகிழக்கு முகட்டை அடைய, ஏறத்தாழ 23,000 அடி உயரத்திலுள்ள வடகணவாயே வாயில் என்பதை அவர்கள் உணர்ந்தனர். அக்கணவாய்க்கு எளிதாக இட்டுச் செல்வது கிழக்கு ரோங்பக் என்ற கிளைப் பனியாறு. ஆனால், அது முதன்மைப் பனியாற்றோடு சேரும் இடம் மிகக் குறுகியது. சிற்றோடை ஒன்றே அங்கிருந்து வெளிப்படுகிறது. இத்துணைச் சிறிய ஓடைக்குப் பின்னால் பெரியதொரு பனியாறு இருக்குமென யார்தான் எண்ணுவர்? இருவரும் அதனைக் கடந்து போயினர். பின்பு மலையைக் கிழக்கே சுற்றி வந்து, மற்றோர் உயர்ந்த கணவாயைத் தாண்டி, செப்டம்பர் மாதத்தில்தான் வடகணவாயில் ஏறினர். சிற்றோடையின் உண்மையை வெளிப்படுத்தியவர், குழுவிலிருந்த நில அளவையாளர் வீலர் ஆவார்.

அவ்வாண்டிலேயே மலோரி மேற்கேயுள்ள மலையிடைவெளி ஒன்றில் ஏறித் தென்புறத்தை எட்டிப் பார்த்தார். எவரெஸ்டும் அதன் துணைமுடிகளும் மூன்று பக்கமும் அரண்போல் சூழ்ந்த பனிப்பள்ளத்தாக்கு ஒன்று தெரிந்தது. அதற்கு 'மேற்குக் கூம்' என்று பெயரிட்டார். கூம் என்பது வேல்சு நாட்டு மொழியில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். அதன் வாயில் பனியாறு செங்குத்தாகச் சரிந்து, உடைந்து, பாளம் பாளமாகக் குவிந்து கிடந்தது. அவ்வழியை அவர் விரும்பவில்லை. அந்தப் பக்கம் செல்ல இசைவும் அப்போது இல்லை.

வடவழி எளிதானதன்று. 1922-இல் வடகணவாயின் சரிவில் பனி பெயர்ந்து வீழ்ந்து, சுமை தூக்கிச் சென்ற எழுவரைக் கொன்றது. அச்சரிவைக் கடந்தாலும் இடர் நீங்குவதில்லை. எவரெஸ்டின் பாறை அடுக்குகள் வடக்கு நோக்கிச் சாய்ந்தவை. ஆதலின், வடமுகத்துப் பாறைகள் ஓடு வேய்ந்த கூரைபோல் கீழ்நோக்கிச் சரிந்து நிற்கின்றன, காலூன்ற இடமில்லை. மூச்சு முட்டும் உயரத்தில், மேல்காற்று வீசும் முகட்டில், மிகக் கடினமான பகுதி கடைசியாக வருகிறது. 1924-இல் நார்ட்டன் 28,126 அடி வரை ஏறித் திரும்பினார். சில நாட்களுக்குப்பின் மேலே சென்ற மலோரியும் இர்வினும் திரும்பவேயில்லை.

பின்னர்க் காலம் மாறியது. 1950-ஐ ஒட்டித் திபெத்தின் வழி அடைபட்டது. நேபாளத்தின் வழி திறந்தது. 1951-இல் சிப்டன் என்பவர் ஒரு சிறு குழுவுடன் தென்புறம் சென்றார். அவரும் நியூசிலாந்து நாட்டு ஹிலாரியும் எதிரேயுள்ள புமோரி மலைச்சரிவில் சுமார் 20,000 அடி உயரம் ஏறித் திரும்பி நோக்கினர். மேற்குக் கூம் முழுவதும் அவர்கள் கண்முன் விரிந்தது! அதன் தலைப்பகுதியிலிருந்து லோட்சே மலைமுகத்தின் வழியாகத் தென்கணவாய்க்கு ஏற இயலும் என்பது தெளிவாயிற்று. இங்கே பெருந்தடை அடியில் இருந்தது. மேற்பகுதி வடபுறத்தைவிட எளிது.

ஆயினும் சிப்டன் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. உடைந்த அப்பனிப்பாளங்களின் இடையே மலையேறுபவன் சிலமுறையே செல்வான். உணவும் கூடாரமும் சுமக்கும் ஷெர்ப்பாக்களோ மீண்டும் மீண்டும் சென்று வரவேண்டும். பாளங்கள் எந்நேரமும் சாயக்கூடும். பிறரை அத்தகைய இடத்திற்கு அனுப்புதல் முறையாகுமா? வழியைத் தேர்பவர் வேறு, அவ்வழியில் பலமுறை நடப்பவர் வேறு என்னும்போது இக்கேள்வி எளிதில் தீர்வதன்று. அவ்வாண்டு பனிச்சரிவின் உச்சியில் அகன்றதொரு பிளவு குறுக்கிட, குழுவினர் திரும்பினர்.

1952-இல் சுவிட்சர்லாந்து நாட்டார் கயிற்றுப் பாலம் அமைத்து அப்பிளவைக் கடந்தனர். லாம்பர்ட்டும் ஷெர்ப்பா டென்சிங்கும் 28,000 அடிக்கு மேல் ஏறினர். தென்கணவாய்க்கு நேராகச் செல்லும் பாறைமுனையில் கூடாரமிட இடமின்றித் தவித்த அந்நாட்டார், அவ்வாண்டின் பிற்பகுதியில் சுற்றுவழியாயினும் லோட்சே முகத்தைத் தேர்ந்தனர். அடுத்த ஆண்டு ஹண்ட் தலைமையில் வந்த குழுவும் அதனையே பின்பற்றியது. பனிச்சரிவின் ஒரு பகுதிக்கு அவர்கள் 'அணுகுண்டு நிலம்' என்று பெயரிட்டனர். அங்கே கேட்ட ஒலியும் அத்தகையதே. 1953 மே 29 அன்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றனர்.

சிப்டனின் ஐயம் பொய்க்கவில்லை. 2014 ஏப்ரல் 18 அன்று, மேற்குத் தோளில் தொங்கிய பனி பெயர்ந்து அப்பனிச்சரிவின்மீது வீழ்ந்தது. நேபாளத் தொழிலாளர் பதினாறு பேர் மாண்டனர். மறு ஆண்டு வழி அத்தோளினின்று விலக்கப்பட்டு நடுப்பகுதிக்கு மாற்றப்பட்டது. அங்கே ஏணிகள் மிகுதி, நேரமும் மிகுதி. பனியாறு ஓயாமல் நகர்வதால் ஓராண்டின் பாதை மறு ஆண்டு நிற்பதில்லை. ஒவ்வோர் இளவேனிற்காலத்திலும் ஷெர்ப்பாக்கள் சிலர், ஏறுவோர் எவரும் வருமுன்னர், ஏணியும் கயிறும் சுமந்து அப்பாளங்களினிடையே புகுந்து, புதிய வழியைத் தேர்கின்றனர்.