கணக்கு சரி, பதிவு சரியா?

மாணவர்களே, ஒவ்வொரு பேஸ்பால் ஆட்டத்துக்கும் ஓர் அட்டவணை உண்டு. அதற்குப் ‘பாக்ஸ் ஸ்கோர்’ என்று பெயர். கிரிக்கெட் செய்திகளும் எழுதிவந்த ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அதை வளர்த்தெடுத்தார். யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை ஹிட், எத்தனை ஓட்டம் என எல்லாமே அதில் எண்களாக இருக்கும்.

எழுதியவர் எதையாவது விட்டுவிட்டாரா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மட்டை பிடிக்க வருபவருக்கு மூன்று முடிவுகள்தாம். சுற்றி வந்து ஓட்டம் எடுப்பார். அல்லது அவுட் ஆவார். அல்லது இன்னிங்ஸ் முடியும்போது ஏதோ ஒரு தளத்தில் நின்றுகொண்டிருப்பார். நான்காவது முடிவு கிடையாது. ஆகவே:

மட்டை பிடித்த முறைகள் = ஓட்டங்கள் + தளத்தில் நின்றவர்கள் + அவுட்கள்

ஒருவரே மூன்று முறை வந்தால் அதை மூன்றாக எண்ண வேண்டும். இரு பக்கமும் சமமாகவில்லை என்றால் பதிவில் எங்கோ தவறு. வேதியியலில் அணுக்களை எண்ணிச் சமன்பாட்டைச் சரிபார்ப்பது போலத்தான்.

இன்னிங்ஸுக்கு 3 அவுட். 9 இன்னிங்ஸில் 27. வந்த 27 பேரையும் ஒருவர்கூட முதல் தளத்தை எட்டாதபடி பந்து வீச்சாளர் தடுத்துவிட்டால் அது ‘முழுநிறை ஆட்டம்’. மூன்று முறைக்கு ஒரு முறை மட்டையாளர் தளத்தை எட்டுவார் என்று தோராயமாகக் கொள்வோம். 2/3 என்பதை 27 முறை பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 57,000இல் ஒரு வாய்ப்பு!

2010 ஜூன் 2. டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு அர்மாண்டோ கலராகா பந்து வீசினார். கிளீவ்லாந்து இந்தியன்ஸ் அணியின் முதல் 26 பேரும் அவுட். 27ஆவதாக வந்த ஜேசன் டொனால்ட் பந்தைத் தரையோடு அடித்துவிட்டு ஓடினார். மிகேல் கப்ரேரா பந்தை எடுத்து வீச, முதல் தளத்துக்கு ஓடிவந்த கலராகா அதைப் பிடித்தார். டொனால்டின் கால் அதற்குப் பிறகுதான் தளத்தில் பட்டது. ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்தார். அவுட் இல்லை! பதிவில் அது ஒரு ஹிட் ஆயிற்று. அடுத்து வந்த ட்ரெவர் குரோ அவுட் ஆனார். டொனால்ட் தளத்திலேயே நின்றார். டெட்ராய்ட் 3–0 என வென்றது.

இப்போது கிளீவ்லாந்தின் கணக்கைச் சோதியுங்கள்: 28 = 0 + 1 + 27. கச்சிதமாகச் சமமாகிறது. ஜாய்ஸ் சரியாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால்? 27 = 0 + 0 + 27. அதுவும் சமம்தான். நம் சமன்பாடு எழுதியவரின் கூட்டலைச் சோதிக்கும்; நடுவரின் கண்ணைச் சோதிக்காது. தவறாகச் சுழியிட்ட தராசில் பத்து முறை எடை போட்டால் பத்து முறையும் ஒரே அளவு காட்டும் அல்லவா?

காணொளியைப் பார்த்த ஜாய்ஸ் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் கலராகா அணிப் பட்டியலை அவரிடம் கொடுத்தபோது அவர் கண்கலங்கினார். ஆனாலும் ஆணையர் பட் செலிக் பதிவை மாற்றவில்லை. கேட்பதற்கு இரக்கமற்ற முடிவுதான். இருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடே. அந்த ஹிட்டை அழித்தால், உண்மையாகவே மட்டை பிடித்து அவுட் ஆன குரோவையும் அழிக்க வேண்டிவரும்.

மாறியது அளக்கும் முறை. அப்போது காணொளி மறுபார்வை ஹோம் ரன் தீர்ப்புகளுக்கு மட்டுமே இருந்தது. 2014 முதல் இத்தகைய முதல் தளத் தீர்ப்புகளையும் அதில் பார்க்கிறார்கள். கலராகாவின் வரியில் மட்டும் இன்றும் ‘ஹிட் 1’.

உங்களுக்கு ஒரு பயிற்சி: அதே ஆட்டத்தில் டெட்ராய்ட்டின் அவுட்கள் 27 அல்ல, 24. டெட்ராய்ட் சொந்தத் திடலில் ஆடியது, ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டாவதாக மட்டை பிடித்தது. ஏன் 24 என்று கண்டுபிடியுங்கள்.