பழைய நகைக்கு நியாய விலை

நெடுந்தீவிலிருந்து படகில் வந்த ஒரு தாய், குறிகட்டுவான் துறையில் என்னிடம் பழைய சங்கிலியொன்றை நீட்டினார். "தம்பி, பார்த்துக் குடுங்கோ" என்றார். அன்றைய விலை அவருக்குத் தெரியாது.

சந்தைக்கு வருவோரை வழியில் மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறிக்கவும் உரிமை கொடுத்தார்கள். துறையில் நிற்கும் வியாபாரிக்கும் இதுவே சட்டம்.

கணக்கு எளிது. 8 கிராம் நிறையுள்ள ஒரு பவுண் 22 கரட் நகையில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். கல், அரக்கைக் கழிக்கலாம்; உருக்குக் கூலியும் இலாபமும் எடுக்கலாம். 22 கரட்டை 20 என்பதும், கழிவைக் கூட்டிச் சொல்வதும் மோசடி. அளவையில் குறைப்போருக்கான எச்சரிக்கையுடன்தான் அல்-முதஃப்பிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள், கையில் மிஞ்சியதைக் கேட்ட விலைக்கு விற்றதை மறக்க முடியுமா? தேவைப்பட்டவருக்குப் பேரம் பேச வாய் வராது.

அம்மாவின் கண்முன்னே நிறுத்தேன், உரைத்தேன். கஸ்தூரியார் வீதி விலையைத் தொலைபேசியில் கேட்டு, என் இலாபம் எவ்வளவு என்பதையும் சொன்னேன். "விருப்பமில்லையெண்டால் யாழ்ப்பாணத்திலயும் கேட்டுப் பாருங்கோ, அம்மா" என்றேன். அவர் என்னிடமே விற்றார்.

கிடைத்தது சிறிய இலாபம்தான், சகோதரர்களே. ஆனால் அது ஹலால்.